சோழியில் போட்ட கிரகணக் கணக்கு

2022 அக்டோபர் 25, தீபாவளிக்கு மறுநாள். சென்னையில் மாலை 5.14-க்குச் சூரிய கிரகணம் பிடிக்கும், வட்டில் 8 சதவீத அளவே மறையும், 5.44-க்குச் சூரியன் கிரகணத்தோடேயே அஸ்தமிக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். அந்த நேரங்கள் எங்கிருந்து வந்தன என்று கேட்டவர்கள் குறைவு.

அன்று உலகில் எந்த ஊரிலும் முழுக் கிரகணம் இல்லை. சந்திரனின் நிழல் கூம்பின் நடு அச்சு, பூமியின் வடபகுதிக்கு மேலே சுமார் 450 கிலோமீட்டர் உயரத்தில் வெளியே கடந்து போனது. அதைச் சூழ்ந்த புறநிழல் மட்டும் தரையில் விழுந்தது. இந்தக் கணக்குக்கு இன்றும் கைகொடுப்பது ஜெர்மன் வானியலர் பெசல் 1820-களில் வகுத்த முறை. நிழலின் அச்சுக்குச் செங்குத்தாக, பூமியின் மையத்தின் வழியே ஒரு தளம் இருப்பதாகக் கொள்கிறார்கள். அதன்மேல் நிழல் நகர்வதை நேரவாரியாகக் குறிக்கிறார்கள். ஓர் ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் கொண்டு அந்த ஊரையும் அதே தளத்தில் குறித்துவிட்டால், மிஞ்சுவது ஒரே கேள்விதான்: அச்சிலிருந்து ஊர் எவ்வளவு தூரம்? புறநிழலின் ஆரம் ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர். ஊர் அதற்குள் வரும் கணம் கிரகணத்தின் தொடக்கம்.

சந்திர கிரகணத்துக்கு இவ்வளவு பாடு இல்லை. பூமியின் நிழல் சந்திரன்மேல் விழுவதைப் பார்ப்பவர் அனைவரும் ஒரே நேரத்தில் பார்க்கிறார்கள். சூரிய கிரகணமோ ஊருக்கு ஊர் வேறு. சந்திரன் அருகில் இருப்பதால், பார்க்கும் இடத்தைப் பொறுத்து வானத்தில் அதன் இருப்பிடம் ஒரு பாகை அளவுக்குக்கூட விலகித் தெரியும். அது சந்திர வட்டைப்போல் இரண்டு மடங்கு அகலம். நம் கணிதர்கள் இந்த விலகலை லம்பனம் என்றார்கள். பகுதிக் கிரகணத்தில் தவறு நேர்வதெல்லாம் பெரும்பாலும் இங்கேதான்.

இதற்கெல்லாம் வெகுகாலம் முன்பே, 18 ஆண்டு 11 நாள் 8 மணி நேரத்துக்கு ஒருமுறை கிரகணங்கள் ஏறத்தாழ அதே சாயலில் திரும்பி வருவதைப் பாபிலோனியர் கண்டிருந்தார்கள். இந்த வரிசையில் 2022-இல் நாம் பார்த்ததற்கு முந்தியது 2004 அக்டோபர் 14-இல் வந்தது, அடுத்தது 2040 நவம்பர் 4-இல் வரும். அந்த மிச்ச 8 மணி நேரத்தில் பூமி மூன்றில் ஒரு சுற்றுச் சுழன்றுவிடும். கிரகணம் திரும்பி வரும், ஆனால் வேறு தேசத்துக்கு.

என் மனம் திரும்பத் திரும்பப் போவது புதுச்சேரியில் இருந்த ஒரு பஞ்சாங்கக்காரரிடம். சென்னை வான ஆய்வகத்தின் பொறுப்பை வகித்த ஜான் வாரன், தம் 'கால சங்கலித' நூலில் அவரைச் சஷியா என்று குறிக்கிறார். 1825 மே 31-ஆம் தேதி இரவில் நிகழவிருந்த சந்திர கிரகணத்தை அவர் வாரனுக்குக் கணித்துக் காட்டினார். தாள் இல்லை, எழுதுகோல் இல்லை. தரையில் சோழிகளைப் பரப்பி எண்களை வைத்தார். அட்டவணைகள் முழுவதும் அசைகளாக, சொற்களாக மனப்பாடத்தில் இருந்தன. சந்திரன் பூமியை நெருங்கி, விலகி, மறுபடி நெருங்க ஏறத்தாழ இருபத்தேழரை நாள் ஆகும். அப்படி ஒன்பது சுற்று சேர்ந்தால் 248 நாள். 110 சுற்றுக்கு 3,031 நாள். 449 சுற்றுக்கு 12,372 நாள். இந்த மூன்று எண்களும் இன்றைய அளவீட்டோடு நாளின் ஒரு சிறு பின்னம் அளவே வேறுபடுகின்றன. கணக்கின் முடிவில் கிரகணத்தின் தொடக்கம் 4 நிமிடம் பிசகியது, நடு 23 நிமிடம், முடிவு 52 நிமிடம்.

அவருக்குக் கோட்பாடு ஒன்றும் தெரியாது, நினைவாற்றல் மட்டுமே உண்டு என்கிறார் வாரன். இருக்கலாம். பல நூற்றாண்டுக் கணிதத்தை ஓர் எண்கூடச் சிதறாமல் நெஞ்சில் சுமந்த மனிதரை அந்த ஒரு வரியோடு விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. குறை அவர் நினைவில் இல்லை. அந்த எண்களை வானத்தோடு ஒத்துப்பார்க்கும் வழக்கம் அவர் காலத்துக்கு முன்பே நின்றுபோயிருந்தது. அந்த வழக்கம் நமக்கு அந்நியமானதும் அல்ல. கேரளத்துப் பரமேசுவரர் 1393 முதல் 1432 வரை கிரகணங்களைக் கண்ணால் பார்த்துக் குறித்தார், பழைய கணக்கு பொருந்தாததைக் கண்டு 1431-இல் 'திருக்கணிதம்' எழுதினார். இன்று 2025 மார்ச்சில் சனிப்பெயர்ச்சி என்கிறது திருக்கணிதப் பஞ்சாங்கம், 2026-இல்தான் என்கிறது திருநள்ளாறு பின்பற்றும், பழைய எண்களிலேயே நிற்கும் வாக்கியப் பஞ்சாங்கம். ஏறக்குறைய ஓராண்டு இடைவெளி. பாட்டன் பார்த்ததைப் பேரன் சரிபார்க்காமல் விட்டால் பிழை இப்படித்தான் வளரும்.

நவீன வானியலுக்கும் இந்தச் சரிபார்ப்பிலிருந்து விலக்கு இல்லை. கி.மு. 136 ஏப்ரல் 15-இல் பாபிலோனில் பகல் இருண்டதாகக் களிமண் பலகை சொல்கிறது. பூமி என்றும் ஒரே வேகத்தில் சுழன்றதாக வைத்துக் கணக்கிட்டால் அந்த நிழல் பாபிலோனில் விழாது, வெகுதூரம் மேற்கே விழும். மூன்று மணி நேரத்துக்கும் மேல் வித்தியாசம். பூமியின் சுழற்சி மெல்லத் தளர்ந்துவருவதை அந்தப் பலகை மெய்ப்பித்தது. பெயர் தெரியாத ஒருவர் அன்று வானத்தைப் பார்த்து எழுதி வைத்ததற்கு இன்றைய கணினிக் கணக்கும் கடன்பட்டிருக்கிறது.

2031 மே 21-இல் மதுரையில் கங்கண கிரகணம், சென்னையில் பகுதிக் கிரகணம். அன்று நம் பள்ளிகளைப் பூட்டிப் பிள்ளைகளை வீட்டுக்குள் அடைக்கக் கூடாது. அட்டையில் ஊசித்துளை போட்டுச் சூரியனின் பிம்பத்தை வெள்ளைத் தாளில் விழச்செய்து, முதல் கீறல் தெரியும் நேரத்தை நொடியோடு குறிக்கச் சொல்ல வேண்டும். அச்சிட்ட நேரம் ஒரு பக்கம், தாங்களே கண்ட நேரம் மறு பக்கம் என்று ஒவ்வொரு பிள்ளையின் நோட்டிலும் இருக்க வேண்டும்.