வேலிக்கு அப்பால்

தன் நிலத்தில் செடிகளுக்கு ஒரு கண்ணாடிக் கொட்டகை போட ஒருவன் ஏன் பிறரிடம் அனுமதி கேட்க வேண்டும்? இங்கிலாந்தில் 1947-ஆம் ஆண்டுச் சட்டம் நிலத்தை உடையவனிடமே விட்டுவைத்து, அதில் கட்டும் உரிமையை மட்டும் அனுமதிக்கு உட்படுத்தியது. இன்றும் அதுவே முறை. உழுவதற்கு அனுமதி வேண்டாம். ஊர்க் குப்பையை எருவாக்கும் களத்தில், அந்த எருவிலேயே நாற்று வளர்க்கக் கொட்டகை எழுப்புவதற்கு வேண்டும்.

முதலில் இது எனக்கு அநியாயமாகத்தான் பட்டது. ஆனால் வேலி எல்லையைத்தான் காட்டுகிறது. நாற்றத்தையும் லாரி இரைச்சலையும் அது நிறுத்துவதில்லையே! ஆகவே அயலானுக்கும் பேச உரிமை உண்டு. ஆனால் அந்தக் குப்பையில் தன் வீட்டுப் பங்கும் இருப்பதை அவன் மறக்கலாகாது. குப்பையாகப் போனபோது திரும்பிப் பாராதவன், அது நாற்றாகி நிற்கும்போது மட்டும் முகம் சுளிப்பது என்ன நியாயம்?