ஆட்டம் என்னும் ஒரு சொல்

பந்தாட்டம் என்கிறோம், கரகாட்டம் என்கிறோம், சூதாட்டம் என்கிறோம். மூன்றிலும் நிற்பது ஒரே சொல். ஆனால் முதலாவதற்குப் பதக்கம், இரண்டாவதற்கு ஏளனம், மூன்றாவதற்கோ பல்லாண்டுக் காலம் பளபளத்த விளம்பரம்! சொல் ஒன்றாயிருக்க மதிப்பு மட்டும் மாறுவானேன்?

ஆடுதல் என்றால் அசைதல். காற்றிலே கொடி ஆடுகிறது. காசிமேட்டுத் துறையிலே படகு ஆடுகிறது. அசைவிலே குற்றமில்லை. ஆட்டம் முடிந்தபின் ஆடியவரிடம் என்ன மிஞ்சுகிறது என்பதிலேதான் அறம் இருக்கிறது.

2024-ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பைப் போட்டியில், புது வண்ணாரப்பேட்டையைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா மூன்று தங்கப் பதக்கங்கள் வென்றார். அவரிடம் தோற்றவர்கள் எதை இழந்தார்கள்? ஓர் ஆட்டத்தை மட்டுமே. கைத்திறம் போகவில்லை, வீட்டு அரிசி போகவில்லை. கரகாட்டத்திலோ தோற்பவரே இல்லை. ஆடுபவர் வியர்வை சிந்துகிறார்; ஊர் மகிழ்கிறது.

சூதாட்டம் அப்படியா? சாத்தாங்காட்டு இரும்புச் சந்தையிலே பாரம் ஏற்றி இறக்கும் தொழிலாளி, கைபேசியில் ரம்மி ஆடித் தோற்றால், போவது ஆட்டமல்ல; பிள்ளையின் பள்ளிக் கட்டணம்! வென்றாலும் அது இன்னொரு வீட்டின் உலைநீர். யார் வென்றாலும் தரகு மட்டும் நடத்துபவனுக்கே.

"ரம்மிக்குத் திறமை வேண்டுமே!" என்பார்கள். உண்மைதான். 1968-இல் உச்ச நீதிமன்றம், ரம்மி பெரிதும் திறமையைச் சார்ந்த ஆட்டம் என்றது. ஆனால் அதே தீர்ப்பு, ஆட்டத்தை வைத்து இடத்துக்காரர் ஆதாயம் அடைந்தால் அது குற்றமாகலாம் என்றும் சொன்னது. முதற்பாதியை முழங்கியவர்கள் மறுபாதியை மறைத்ததேன்? 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், திறமையா தற்செயலா என்று பாராமல், பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்தது. சரியான கேள்வி அதுதான். திறமை இருக்கிறதா என்பதல்ல. பணயமாக வைக்கப்படுவது எது என்பதே கேள்வி. பூட்டை உடைக்கவும் திறமை வேண்டும். அதனால் திருட்டு கலையாகிவிடுமா?

இனி நம் நாக்கைச் சோதிப்போம். 'ஆட்டக்காரர்' என்றால் கிரிக்கெட் வீரர், மாலை விழுகிறது. 'ஆட்டக்காரி' என்றாலோ வசை! விகுதி மாறியதும் மதிப்பு மாறுவது இலக்கணமா, ஆணாதிக்கமா? சதிராட்டம் 1930-களில் பரதநாட்டியம் என்று பெயர் மாற்றம் பெற்று மேடையேறியது. அதைத் தலைமுறை தலைமுறையாகக் காத்த பெண்களில் பலரோ பழைய பெயரின் பழியோடு வெளியே நின்றார்கள். உழைத்து ஆடிய கூத்தாடியையும் உழைக்காமல் பறிக்கும் சூதாடியையும் ஒரே தட்டில் நிறுத்தினோமே, இது நீதியா?

சொல்லின் பொருள் கல்வெட்டல்ல. திருக்குறளின் சூது அதிகாரத்திலே 'கழகம்' என்பது சூதாடும் இடம். இன்றோ மாணவர் கற்கும் இடம் பல்கலைக்கழகம்! மக்கள் செயல் மாறிற்று. சொல் மானம் பெற்றது. காசிமாவை 'வீராங்கனை' என்கிறோம். 'ஆட்டக்காரி' என்று எழுதக் கை கூசுகிறது. அந்தக் கூச்சம் சொல்லின் குற்றமன்று, நம் குற்றம். கரகம் ஏந்தும் பெண்ணையும் பதக்கம் ஏந்தும் பெண்ணையும் அந்தப் பெயராலேயே மதிப்போடு அழைக்கும் நாளில், ஆட்டம் என்னும் சொல் தூய்மை பெறும். கூச்சம் சூதாடிக்கு மட்டும் மிஞ்சட்டும்!