கரையில் நின்றவரும் கையில் நின்ற கிண்ணமும்

தோக்கியோ நகரின் மிட்சுயி நினைவு அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் கருநிறத் தேநீர்க் கிண்ணம் ஒன்று உள்ளது. அதில் பொன்வேலையும் இல்லை, பூவேலையும் இல்லை. பதினாறாம் நூற்றாண்டில் கியோத்தோவில் வாழ்ந்த சோஜிரோ என்னும் குயவர், தேநீர் நெறியின் பேராசானாகிய சென் நோ ரிக்யூவின் (1522–1591) கருத்துக்கு இணங்க இத்தகைய கிண்ணங்களைச் செய்தார். சக்கரத்தில் சுழற்றாமல் கைகளாலேயே உருவாக்கி, மெருகு பூசிச் சூளையில் இடுவர். மெருகு உருகியதும், தணலாய் ஒளிரும் கிண்ணத்தை இடுக்கியால் பற்றி வெளியே எடுப்பர். விரைந்து குளிர்கையில் அது கருமை அடையும்.

இக்கிண்ணத்தின் பெயர் ஷுன்கன். அது ஒரு துறவியின் பெயர். 1177-இல், அதிகாரம் செலுத்திய தாய்ரா நோ கியோமோரிக்கு எதிராகச் சதி செய்ததாக ஷுன்கனும் வேறு இருவரும் கிகாய் தீவுக்கு நாடு கடத்தப்பட்டனர். மறு ஆண்டு மன்னிப்பு ஆணையுடன் கப்பல் வந்தது. அதில் மற்ற இருவர் பெயர்களே இருந்தன. ஷுன்கன் கதறக் கதறக் கப்பல் அகன்றது. அவர் அத்தீவிலேயே உயிர் நீத்தார் என்று 'ஹெய்கே மோனோகதாரி' கூறுகிறது.

ஏறத்தாழ 400 ஆண்டுகளுக்குப் பின், ரிக்யூ சாத்சுமாவில் வாழ்ந்த சீடர் ஒருவருக்கு மூன்று கிண்ணங்களை அனுப்பினார் என்பது மரபுவழிச் செய்தி. சீடர் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டைத் திருப்பி அனுப்பினார். கிகாய் தீவு சாத்சுமாவுக்குத் தெற்கே உள்ளது. ஆகவே, திரும்பி வராத கிண்ணத்துக்கு ரிக்யூ அத்துறவியின் பெயரைச் சூட்டினார்.

பெயர் கைவிடப்பட்டவருடையது, கிண்ணமோ கைவிடப்பட்டதன்று. மூன்றில் விரும்பி ஏற்கப்பட்டது அது ஒன்றே. அனுப்பியவருக்கு அது திரும்பாமல் நின்றுவிட்டது. ஏற்றவருக்கோ நெஞ்சுக்கு உகந்தது. உடன் வந்தோர் யாவரும் கரையேறத் தான் மட்டும் நின்றுவிட்டதாக வருந்தும் உள்ளம் அகலும் கப்பலை மட்டுமே காண்கிறது. தன்னைத் தாங்கும் கையைக் காண்பதில்லை.

எனினும் ஷுன்கனின் கண்ணீர் பொய்யன்று. அவரை ஏற்றிச் செல்லாமலேயே கப்பல் அகன்றது. துயருற்றவரிடம் 'எல்லாம் நன்மைக்கே' என்று எளிதாகச் சொல்லி அகல்வதும் கப்பல் அகன்றதைப் போன்றதே. அருகில் நின்று, 'நீ எனக்கு வேண்டும்' என்று ஏற்பதே அறம். அந்த ஏற்பில்தான் இறைவனின் கையைத் துயருற்றவர் உணர்கிறார்.