‘வயதாகிவிட்டது’ என்னும் தீர்ப்பு

நடை தளர்ந்து, நினைவு மங்கி, சிறுநீரை அடக்க இயலாமல் படுத்திருக்கும் முதியவர்களைக் காண இல்லங்களுக்குச் செல்லும்போது நான் பெரும்பாலும் கேட்பது ஒரே விளக்கத்தைத்தான்: “வயசாயிடுச்சு சாமி, இனி என்ன செய்ய?” இச்சொற்களில் பாசமும் உண்டு, களைப்பும் உண்டு. ஆயினும் விசாரணையின்றி வழங்கப்படும் தீர்ப்பு ஒன்றும் அவற்றில் அடங்கியிருக்கிறதோ என்பதே என் ஐயம்.

கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில், 1957-ஆம் ஆண்டு, விபத்தில் அடிபட்டு உணர்வு மங்கிக் கிடந்த 16 வயதுச் சிறுவனைச் சாலமோன் ஹக்கீம் என்னும் மருத்துவர் ஆராய்ந்தார். மூளையின் உள்ளறைகள் நீரால் விரிந்திருந்தன. நீரின் அழுத்தமோ இயல்பாகவே இருந்தது. பரிசோதனைக்கெனச் சிறிதளவு நீரை எடுத்தபின் சிறுவன் தேறத் தொடங்கினான். இக்கண்டுபிடிப்பு 1965-இல் மருத்துவ உலகெங்கும் அறியப்பட்டது. முதியோரிடம் காணப்படும் இந்நோய், ‘நார்மல் பிரஷர் ஹைட்ரோகெபாலஸ்’ எனப்படுகிறது.

கால்கள் தரையோடு ஒட்டிக்கொண்டவை போல் நகர மறுப்பது இதன் முதல் அடையாளம். பார்க்கின்சன் என்றோ அல்ஸைமர் என்றோ இதைத் தவறாகக் கருதிவிடுவதுண்டு. இதற்கெனச் சில மருத்துவமனைகளில் அமைந்துள்ள சிறப்புப் பராமரிப்புத் திட்டங்களில் நரம்பியல் மருத்துவர், அறுவை மருத்துவர், இயன்முறை மருத்துவர், செவிலியர் ஆகியோர் ஒருங்கே பணியாற்றுகின்றனர். முதுகுத்தண்டின் கீழ்ப்பகுதியிலிருந்து 30 முதல் 50 மி.லி. வரை நீரை எடுத்து, அதற்கு முன்னும் பின்னும் முதியவரின் நடையை அளக்கின்றனர். நடை தேறினால், மிகுதி நீரை வயிற்றறைக்குள் வடிக்கும் ‘ஷண்ட்’ குழாயைப் பொருத்துகின்றனர். பெரும்பாலும் நடையே நன்கு தேறுகிறது. நினைவு அந்த அளவுக்கு மீள்வதில்லை. இரத்தக்கசிவு, தொற்று, குழாய் அடைப்பு ஆகிய ஆபத்துகளும் உள்ளமையால் தொடர்ந்த கண்காணிப்பு தேவை.

அறநெறி இறையியல் அறியாமையை இருவகையாகப் பிரிக்கும்: முயன்றும் வெல்ல இயலாதது, முயன்றால் வெல்லக்கூடியது. மருத்துவரைக் காண வழியற்ற ஏழைக் குடும்பத்தின் அறியாமை முதல்வகை. அதன் பொறுப்பு சமுதாயத்தையே சாரும். வழியிருந்தும் ‘இனி எதற்கு?’ என்று கேளாமல் விடுவது இரண்டாம் வகை. அதற்கு நாம் கணக்குக் கொடுக்கத்தான் வேண்டும்.

அப்படியாயின், எண்பது வயதினருக்கும் அறுவை செய்தே தீரவேண்டுமா? ஹக்கீம் அச்சிறுவனைக் கண்ட அதே 1957-ஆம் ஆண்டில், திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் மயக்கவியல் மருத்துவரிடையே பேசுகையில், கடும் சுமையாகாத சாதாரண வழிகளைக் கையாளுவதே கடமை என்று விளக்கினார். ஆகவே நடையை உற்று நோக்குவதும் பரிசோதிப்பதும் நாம் செலுத்தவேண்டிய கடன். அறுவையோ, பலனையும் சுமையையும் நிறுத்துப் பார்த்து, இயன்றவரை முதியவரே முடிவு செய்யவேண்டியது.

இன்னுமொரு கேள்வி எஞ்சுகிறது. நீரை எடுத்தும் நடை தேறாத முதியவரை என்ன செய்வது? குணமாகக்கூடியவரை மட்டும் தேடிக்கொண்டு, மற்றவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு மறக்கும் பராமரிப்பு, வெற்றியையே நேசிக்கிறது. மனிதரை நேசிக்கும் பராமரிப்பு, விழாமல் நடக்கக் கைப்பிடி அமைத்துத் தரும். ஈரத்துணியை முகஞ்சுளிக்காமல் மாற்றும். இரவில் விழித்திருக்கும் மருமகளுக்கும் ஓய்வு தேடித் தரும்.

அடுத்தமுறை ‘வயதாகிவிட்டது’ என்று சொல்ல நா எழும்போது, அதற்குமுன் ஒன்றைக் கேட்போம்: “ஐயா எப்போதிலிருந்து இப்படி நடக்கிறார்?”