பேத்திக்கு வைத்த பெயர்

தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலானவற்றுக்குத் தலைமுறை தாண்டி நிற்கும் குடும்பப் பெயர் கிடையாது. அப்பாவின் பெயர் பிள்ளைக்கு இனிஷியலாக நிற்கும். அந்தப் பிள்ளையின் பிள்ளையிடம் அந்த ஓர் எழுத்தும் இருக்காது. இப்படி இரண்டே தலைமுறையில் கரைந்துவிடும் பெயரைக் காப்பாற்ற நம் முன்னோர் கண்ட வழிதான் பேரனுக்குத் தாத்தா பெயரை வைப்பது. கந்தசாமியின் மகன் முத்துசாமி, முத்துசாமியின் மகன் மறுபடியும் கந்தசாமி. செட்டிநாட்டு நகரத்தார் வீடுகளில் இதற்கு வரிசையே உண்டு. முதல் மகனுக்குத் தகப்பனைப் பெற்றவர் பெயர், அடுத்தவனுக்குத் தாயைப் பெற்றவர் பெயர். பெயரோடு சேர்ந்தே மற்றதும் வரும்: நிலம், கடன், கோயிலில் முதல் மரியாதை, சுடுகாட்டில் கொள்ளி.

அந்த வீட்டில் பிறந்தது பெண்ணாக இருந்தால் பெயரை வெட்டி ஒட்டுவார்கள். முத்துசாமி முத்தம்மாள் ஆவார்; மாரியப்பன் மாரியம்மாள் ஆவார்; சுப்பையா சுப்பம்மாள், ராமசாமி ராமாயி, கருப்பசாமி கருப்பாயி. தாத்தா பேத்தியிடம் வரலாம், ஆனால் வேட்டியை மாற்றிக்கொண்டு வர வேண்டும்.

எதிர்த்திசையில் இந்தக் கெடுபிடி இல்லை. காளியும் பேச்சியும் இசக்கியும் மீனாட்சியும் ஆண்களின் பெயரில் தாராளமாகக் குடியிருக்கிறார்கள். காளிமுத்துவையும் பேச்சிமுத்துவையும் மீனாட்சிசுந்தரத்தையும் யாரும் கேலி செய்ததில்லை. நெல்லைப் பக்கம் மீசை வைத்த ஆளை வெறும் ‘இசக்கி’ என்றே கூப்பிடுவார்கள். ரங்கராஜன் என்ற எழுத்தாளர் மனைவியின் பெயரான சுஜாதாவைப் புனைபெயராக வைத்துக்கொண்டு வாழ்நாள் முழுக்க எழுதினார். அவருடைய ஆண்மை பற்றி யாரும் கவலைப்படவில்லை. பெண்ணின் பெயர் ஆணிடம் வந்தால் அது பக்தி, இல்லாவிட்டால் அன்பு. ஆணின் பெயர் பெண்ணிடம் போனால் மட்டும் அது துணிச்சல் ஆகிவிடுகிறது.

இருபாலருக்கும் பொதுவாக வழங்கிய சில பெயர்களும் நம்மிடம் உண்டு. ராமாமிர்தம் அப்படி ஒன்று. லா.ச.ராமாமிர்தம் என்று ஓர் எழுத்தாளர் இருந்தார். மூவலூர் ராமாமிர்தம் என்று ஒரு போராளியும் இருந்தார். தேவதாசி முறையை எதிர்த்து ஊர் ஊராகப் பேசியவர், 1936இல் அதைப் பற்றி நாவலும் எழுதியவர். பெயர் ஒன்றுதான். அவருக்கு மட்டும் ‘அம்மையார்’ என்று ஒரு வால் சேர்த்தோம், லா.ச.ரா.வுக்கு ‘ஐயா’ சேர்த்தாக வேண்டும் என்று நமக்குத் தோன்றவில்லை. தமிழ்நாடு அரசு அந்த அம்மையார் பெயரை முதலில் ஏழைப் பெண்களின் திருமண உதவித் திட்டத்துக்குத்தான் வைத்தது. 2022இல்தான் அதே பெயரில் அரசுப் பள்ளி மாணவியர் கல்லூரிக்குப் போக மாதம் 1,000 ரூபாய் தரும் திட்டமாக அது மாறியது. ஒரு பெயர் தாலியிலிருந்து கல்லூரிக்கு நடந்து போக 2022 வரை காலம் பிடித்தது.

இன்று தாத்தா பெயரை வெட்டாமல் அப்படியே பெண் குழந்தைக்கு வைக்கும் பெற்றோர் அங்கங்கே தென்படுகிறார்கள். சட்டம் அவர்களைத் தடுக்கவில்லை. பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும்; பெயரை யோசித்து 12 மாதம் வரை கட்டணமில்லாமல் சேர்க்கலாம். படிவத்தில் பாலினத்துக்குத் தனி இடம் இருக்கிறது; பெயரைப் பார்த்து அதை நிரப்புவதில்லை. வரக்கூடிய சங்கடங்களும் சிறியவை. தபாலில் ‘திரு.’ என்று வரும். அலுவலகத்தில் அவளையே பார்த்து “சார் வரலையாம்மா?” என்பார்கள். பள்ளியில் ஒரு வருடம் கேலி நடக்கும், பிறகு பழகிவிடும்.

பெரிய தடை வீட்டுக்குள் இருக்கிறது. மாமனார் பெயரை மருமகள் வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்று வளர்ந்த வீடுகள் இன்னும் இருக்கின்றன. அதனால்தான் தாத்தா பெயர் வைத்த பேரன் வீட்டில் ‘சாமி’ ஆகவும் ‘ராசா’ ஆகவும் இருப்பான். நிஜப் பெயர் பள்ளிக்கூடத்தில் தொடங்கும். பேத்திக்கு அந்தப் பெயர் வந்தால் அவள் ‘பாப்பா’ ஆகிவிடுவாள். சோறு சிந்தியதற்காக ஒரு தாய் தன் மாமனார் பெயரைச் சொல்லிப் பிள்ளையை அதட்டும் நாளை நம் குடும்பங்கள் இன்னும் முழுமையாகக் கற்பனை செய்யவில்லை.

ஆனாலும் பெயர் வைத்தாயிற்று என்று கொண்டாடும் முன் ஒன்றைக் கேட்க வேண்டியிருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு ஓர் அண்ணன் இருந்திருந்தால் இந்தப் பெயர் அவளுக்கு வந்திருக்குமா?

வரலாறு இதற்கு அவ்வளவு உற்சாகமான பதிலைத் தரவில்லை. வாரங்கலை ஆண்ட காகதீய மன்னன் கணபதிதேவனுக்கு ஆண் வாரிசு இல்லை. அவனுக்குப் பின் 1262 முதல் 1289 வரை ஆண்டவள் மகள் ருத்ரமாதேவி. கல்வெட்டுகளில் அவள் ‘ருத்ரதேவ மகாராஜா’. அந்தப் பெயர் அவளுடைய பெரிய தாத்தாவின் பெயர். அனுமகொண்டாவில் ஆயிரங்கால் கோயிலைக் கட்டியவர் அவர். குடும்பத்து ஆண் பெயர் பெண்ணுக்கு வந்ததற்கு இதைவிடத் தெளிவான சான்று தென்னாட்டில் அரிது. வந்த காரணமும் தெளிவு: வேறு ஆள் இல்லை. அந்த நாட்டைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, அவளை இறந்த அரசனின் மனைவி என்று குறித்துவைத்தார். மகள் பட்டத்துக்கு வரக்கூடும் என்பது அவருக்குத் தோன்றவில்லை போலும்.

நம் மதுரைக் கதையும் இதுவே. மலயத்துவச பாண்டியன் மகன் வேண்டி வேள்வி செய்தான். தீயிலிருந்து பெண் வந்தாள், நம் மீனாட்சி. தடாதகை என்று பெயரிட்டு, மகனுக்குரிய சடங்கெல்லாம் செய்து வளர்க்கச் சொன்னது அசரீரி. முடிசூடித் திசையெல்லாம் வென்ற அவள், சிவனைக் கண்டதும் நாணித் தலைகுனிந்தாள். பிறகு பாண்டிய நாட்டை ஆண்டவர் சுந்தர பாண்டியராக வந்த அந்தச் சிவன். இன்றைக்கும் சித்திரையில் பட்டம் சூடும் மீனாட்சியின் ஆட்சி நான்கு மாதம். ஆவணியில் பட்டம் சூடும் சுந்தரேசுவரருக்கு மீதி எட்டு மாதம். நாடு மட்டும் அவளுடைய அப்பாவுடையது.

மகன் இல்லாத இடத்தில் மகள் மகனாக்கப்படுகிறாள். இந்த ஏக்கம் இன்னொரு வேலையும் செய்யும். வரிசையாகப் பெண்ணே பிறக்கும் வீடுகளில் ‘வேண்டாம்’ என்றும் ‘போதும்பொண்ணு’ என்றும் பெயர் வைத்த ஊர்கள் தமிழ்நாட்டில் உண்டு. மகாராஷ்டிரத்தின் சதாரா மாவட்டத்தில், வேண்டாதவள் என்றே பெயரிடப்பட்ட 285 பெண்களுக்கு 2011இல் ஒரே விழாவில் புதுப் பெயர் சூட்டினார்கள். ஆண் வரவில்லையே என்ற ஒரே குறைதான் ஒரு வீட்டில் ‘வேண்டாம்’ என்கிறது, இன்னொரு வீட்டில் தாத்தா பெயரைத் தூக்கிக் கொடுக்கிறது. குழந்தைக்கு இரண்டாவது எவ்வளவோ மேல், மறுப்பில்லை. ஆனால் அண்ணன் இருக்கும்போதே அந்தப் பெயர் அவளுக்கு வந்தால் அது மரியாதை. அவன் இல்லாததால் வந்தால் அது மாற்று ஏற்பாடு.

வந்த பெயர் அவளுக்குப் பிறகு எங்கே போகிறது என்பதும் முக்கியம். கந்தசாமி என்ற பேரனின் பெயர் அவன் பிள்ளைகளுக்கு இனிஷியல் ஆகும். கந்தசாமி என்ற பேத்தியின் பெயரோ அவளோடு நின்றுவிடும். கல்யாணமானதும் அவள் இனிஷியல் மாறும். பிள்ளைகள் கணவனின் எழுத்தைச் சுமப்பார்கள். தாயின் முதலெழுத்தையும் போட்டுக்கொள்ளத் தமிழ்நாட்டில் தடை கிடையாது, போடுகிறவர்கள்தான் குறைவு. தாய்க்குப் பிள்ளையின் குடும்பப் பெயரைத் தீர்மானிக்கும் உரிமை உண்டு என்று 2022 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த வழக்கில் கேள்வி எழுவதற்கே ஒரு தகப்பன் இறக்க வேண்டியிருந்தது. காகதீயர் இதில் நம்மைவிட முன்னே போயிருந்தார்கள். ருத்ரமாவுக்குப் பின் பட்டத்துக்கு வந்த பிரதாபருத்ரன் அவள் மகள் வயிற்றுப் பேரன். ருத்ரன் என்ற பெயர் இரண்டு பெண்களைக் கடந்து இறங்கியது.

பெயரோடு வரவேண்டிய சொத்தின் கதை தனி. 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெயருக்குப் பின்னால் இருந்த சாதியை வெட்டச் சொன்னது. பெண்ணுக்கும் சொத்தில் சம பங்கு கேட்டது. முதல் தீர்மானத்தை ஓரளவு கேட்டோம். அதனால்தான் இன்று நமக்கு இனிஷியல் போதுமாக இருக்கிறது. இரண்டாவதற்குச் சட்டம் வர 60 ஆண்டுகள் ஆயின. 1989 மார்ச் 25 முதல் தமிழ்நாட்டு இந்துக் குடும்பங்களில் மகளும் பூர்வீகச் சொத்தில் பங்காளி; அன்றைக்கு முன் கல்யாணமானவர்களுக்கு அப்போது அது கிடைக்கவில்லை. நாடு முழுவதற்கும் 2005 செப்டம்பரில் அந்த உரிமை வந்தது. பிறப்பாலேயே வரும் உரிமை இது, தகப்பன் உயிரோடு இருந்தாரா என்று பார்க்க வேண்டியதில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

சட்டம் ஒன்று சொல்கிறது, பத்திரப் பதிவு அலுவலகம் வேறு சொல்கிறது. “அண்ணன் தம்பிக்கு விட்டுக் கொடுத்துடும்மா” என்ற ஒரு வாக்கியத்தில் பல வீடுகளில் விடுதலைப் பத்திரம் தயாராகிறது. பட்டுச் சேலையும் கொஞ்சம் நகையும் பிறந்த வீட்டுக்கு வந்துபோகும் உரிமையும் அதற்கு விலை. கையெழுத்துப் போடும் பெண்ணின் பெயர் முத்தம்மாளா முத்துசாமியா என்று அந்தப் பத்திரம் கவலைப்படுவதில்லை.

ஆகவே, தாத்தா பெயரைப் பேத்திக்கு வைக்க விரும்பும் பெற்றோரிடம் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. தாராளமாக வையுங்கள், தம்பி பிறந்தாலும் அவளிடமிருந்து பிடுங்காதீர்கள். அவள் பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் இனிஷியலாக இறங்கட்டும். விடுதலைப் பத்திரத்தை அவள் முன்னால் நீட்டாதீர்கள். நாளை கொள்ளிக்குடம் தூக்க அவள் வந்து நின்றால், தெருவில் இருக்கும் ஏதோ ஓர் ஆண்பிள்ளையைத் தேடி ஆள் அனுப்பாதீர்கள். இவ்வளவும் முடியாது என்றால் முத்தம்மாளே போதும். அதில் ஏமாற்று இல்லை.