ரிக்டரின் மௌனம்

1941 அக்டோபர் தொடக்கத்தில், ஒடேசா நகரம் எதிரிப் படைகளிடம் விழுவதற்குச் சில நாட்கள் முன்பு, தியோஃபில் ரிக்டர் என்ற இசை ஆசிரியரை சோவியத் அரசு சுட்டுக் கொன்றது. ஜெர்மானிய வம்சாவளியைச் சேர்ந்தவர், வியன்னாவில் இசை பயின்றவர், ஒடேசாவின் லுத்தரன் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தவர். உளவு பார்த்தார் என்பது குற்றச்சாட்டு. ஜெர்மன் இரத்தமே சாட்சியமாகப் போதுமானதாக இருந்த காலம் அது. மகன் ஸ்வியாதஸ்லாவுக்கு அப்போது 26 வயது. மாஸ்கோவில் பியானோ படித்துக்கொண்டிருந்தார். தந்தைக்கு நேர்ந்த முடிவு அவருக்குப் பின்னாளில்தான் தெரியவந்தது.

1950-இல் அதே அரசு அந்த மகனுக்கு ஸ்டாலின் பரிசு வழங்கியது.

பியானோ கலைஞர் ஸ்வியாதஸ்லாவ் ரிக்டரைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இவ்விரு செய்திகளையும் வேகமாகக் கடந்து, அவருடைய விரல்களின் மேதைமைக்குப் போய்விடுகிறார்கள். அப்படிக் கடக்க எனக்கு மனம் வரவில்லை. நாம் இன்று கேட்டு மகிழும் அந்த இசை, இவ்விரு செய்திகளையும் ஒருசேரச் சுமந்த மனிதரிடமிருந்து வந்தது.

இன்றைய உக்ரைனில் உள்ள ஜிடோமிரில் 1915-இல் பிறந்தவர் அவர். தந்தையிடம் தொடக்கப் பாடம். மற்றதெல்லாம் பெரும்பாலும் தானாகவே கற்றது. 15 வயதில் ஒடேசா ஓபராவில் பாடகர்களுக்கு ஒத்திகையில் வாசிக்கும் வேலை. முறையான பயிற்சி இல்லாமலேயே 1937-இல் மாஸ்கோ சென்று பியானோ ஆசிரியர் ஹைன்ரிக் நியூஹாஸ் முன் வாசித்தார். இந்த இளைஞனுக்குத் தான் கற்றுக்கொடுக்கப் பெரிதாக எதுவும் இல்லை என்று உணர்ந்தும் ஆசிரியர் அவரை ஏற்றுக்கொண்டார். கட்டாய அரசியல் வகுப்புகளுக்குப் போகாததால் இசைக் கல்லூரி அவரை வெளியேற்றியபோதும் திரும்ப அழைத்து வந்தவர் நியூஹாஸ்தான். தங்க இடமில்லாத மாணவன் ஆசிரியர் வீட்டுப் பியானோவுக்கு அடியில் படுத்து உறங்கினான்.

அந்த நியூஹாஸையும் 1941 இலையுதிர்காலத்தில் கைது செய்தார்கள். லுபியங்கா சிறையில் பல மாதங்கள். பிறகு மாஸ்கோவை விட்டு வெளியேற்றம். தந்தையையும் தந்தை போன்றவரையும் ஒரே பருவத்தில் பறித்துக்கொண்டது அரசு. 1943 ஜனவரியில் இசையமைப்பாளர் புரோகோஃபியேவின் ஏழாவது சொனாட்டாவை மாஸ்கோவில் முதன்முதலாக அரங்கேற்றினார் ரிக்டர். நான்கே நாட்களில் கற்றுக்கொண்டு வாசித்தது. அதன் கடைசிப் பகுதியில் ஓயாமல் மோதும் அந்தத் தாளத்தைக் கேட்கும்போதெல்லாம், வாசித்தவரின் வீட்டில் அந்த ஆண்டுகளில் நடந்ததை என்னால் ஒதுக்கிவைக்க முடிவதில்லை.

அரசு செய்தது ஒரு பாதி. மறுபாதி இன்னும் கசப்பானது. ஒடேசாவைவிட்டு வெளியேற வாய்ப்பிருந்தும் தாய் மறுத்துவிட்டார். அவருக்கு வேறொருவரோடு உறவு இருந்தது. மனைவி வராததால் தியோஃபிலும் தங்கினார், உயிரிழந்தார். பின்வாங்கிய ஜெர்மன் படைகளோடு தாய் ஜெர்மனிக்குப் போனார். தாயோடு உறவிலிருந்த அந்த மனிதர் ரிக்டர் என்ற குடும்பப் பெயரையே தனக்குச் சூட்டிக்கொண்டார். தந்தை கொல்லப்பட்டு 19 ஆண்டுகள் கழித்து, 1960-இல், மேற்கு நாடுகளுக்குச் செல்ல அரசு ஒருவழியாக அனுமதித்தபோது, அமெரிக்காவில் மகன் தாயைப் பார்த்தார்.

ஸ்டாலின் இறந்த 1953 மார்ச்சில் ரிக்டர் திபிலிசியில் இருந்தார். இறுதி நிகழ்ச்சியில் வாசிக்க, மலர்வளையங்கள் நிறைந்த விமானத்தில் ஏற்றி மாஸ்கோவுக்குக் கொண்டுவந்தார்கள். உடல் வைக்கப்பட்ட தூண் மண்டபத்தில் சாதாரண நிமிர்பியானோ ஒன்று. அதன் பெடல் வேலை செய்யவில்லை. அதைச் சரிசெய்யக் குனிந்தபோது, குண்டு வைக்கிறாரோ என்று காவலர்கள் கலவரப்பட்டதாகப் பிற்காலத்தில் சொன்னார். வேண்டுமென்றே நீண்ட பாஃக் ஃபியூகை வாசித்து எதிர்ப்பைக் காட்டினார் என்றொரு கதை மேற்குலகில் பரவியது. அவரே அதை மறுத்தார். வீரம் என்று உலகம் கொடுத்த பட்டத்தைத் தனக்குரியதல்ல என்று திருப்பிக் கொடுத்த நேர்மையை நான் பெரிதாக மதிக்கிறேன். ஸ்டாலின் இறந்த அதே மார்ச் 5 அன்றுதான் புரோகோஃபியேவும் இறந்தார். பூக்களெல்லாம் தலைவருக்குப் போய்விட்டன.

மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்பார்கள். ரிக்டரிடம் அந்த அளவுகோல் செல்லாது என்றே நினைக்கிறேன். எழுத்தாளர் சோல்ஜெனித்சினுக்கு அடைக்கலம் கொடுத்து, 1970-இல் அவருக்காகப் பகிரங்கக் கடிதம் எழுதி, கடைசியில் குடியுரிமையையே இழந்த செல்லோ கலைஞர் ரோஸ்ட்ரபோவிச்சின் துணிச்சல் ரிக்டரிடம் இல்லை. அதை மறைக்க வேண்டியதும் இல்லை. ஆனால் அரசு வெறுத்து ஒதுக்கிய எழுத்தாளர் பாஸ்டர்நாக் 1960-இல் இறந்தபோது, அவருடைய பெரேதெல்கினோ வீட்டில் போய் அமர்ந்து பியானோ வாசித்தவர் இவர். மேடைப்பேச்சு அவருக்கு வரவில்லை. எங்கே போய் வாசிப்பது என்பதை மட்டும் தானே தீர்மானித்தார்.

அந்தத் தீர்மானம் வயதோடு உறுதிப்பட்டது. 1986-இல், 71 வயதில், சைபீரியா முழுக்கப் பயணம் செய்து, இசையரங்கே இல்லாத சிற்றூர்களிலும் வாசித்தார். கடைசி ஆண்டுகளில் அரங்கை இருட்டாக்கி, இசைத்தாளின் மேல் சிறு விளக்கு மட்டும் எரியவிட்டார். முகத்தையும் கைகளையும் பார்ப்பது இசையைக் கேட்பதற்கு இடையூறு என்பது அவர் கருத்து. காதும் அவரை ஏமாற்றத் தொடங்கியிருந்தது: சுருதிகள் இருக்கும் இடத்தைவிட உயர்ந்து ஒலித்தன. புரூனோ மோன்சான்ஜோன் எடுத்த ஆவணப்படத்தின் முடிவில், தன்னைத் தனக்குப் பிடிக்கவில்லை என்று தளர்ந்த குரலில் சொல்கிறார். 1997 ஆகஸ்ட் 1 அன்று மாஸ்கோவில் காலமானார்.

இன்று ரஷ்யப் பியானோ மரபின் சிகரம் என்று அவரைக் கொண்டாடுகிறார்கள். தகும். 1958-இல் சோஃபியா நகரில் அவர் வாசித்த முசோர்க்ஸ்கி இசையின் பதிவு இன்றும் கிடைக்கிறது. குளிர்கால அரங்கின் இருமல் சத்தங்களும் தவறிய சுரங்களும் அதில் அப்படியே இருக்கின்றன. கேளுங்கள். அவர் பெருமையைப் பேசும் இடத்திலெல்லாம், அவருக்கு முதல் பாடம் சொல்லிக்கொடுத்து, சோவியத் அரசின் துப்பாக்கிக்குப் பலியான தியோஃபில் ரிக்டரின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.