திரைக்குப் பின்னே செய்த குற்றம்

முகம் காணாமல் இணையத்தின் வழியாய்ச் செய்த குற்றம் சிறிதாகுமோ?

அமெரிக்காவில் ராஸ் உல்பிரிக்ட் என்பவர் ‘சில்க் ரோடு’ என்னும் மறைவான இணையச் சந்தையை நடத்தினார். அதில் போதைப்பொருள் விற்றவர்கள் பெரும்பாலும் பிறரே. ஆயினும் 2015-ல் தண்டனை விதித்த நாளில், அப்பொருளால் பிள்ளைகளை இழந்த பெற்றோர் நீதிமன்றத்தில் பேசினார்கள். அவருக்காக மன்றாடிய கடிதங்களும் வந்திருந்தன. நீதிபதி பரோலில்லாத ஆயுள் சிறை விதித்தார். 2025-ல் ஜனாதிபதி டிரம்ப் மன்னிப்பளிக்க, அவர் விடுதலையானார்.

தண்டனை போதுமானதாயிருக்க வேண்டும், தேவைக்கு மிஞ்சலாகாது என்பது அந்நாட்டுச் சட்டம். செய்த தீங்கையும், செய்தவன் வாழ்வையும், பிறருக்குண்டாகும் எச்சரிக்கையையும் நீதிபதி சேர்த்தே நிறுக்கவேண்டும். பிறர் அஞ்சவேண்டுமென்று ஒருவன்மேல் அவன் குற்றத்துக்கு மிஞ்சிய சுமையை ஏற்றுவது நீதியன்று. பெற்றோரின் கண்ணீரை எண்ணாத இரக்கமும் இரக்கமன்று.

திரைக்கு அப்பால் இருப்பவனும் நம் அயலானே என்று உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.